டர்பனின் மூடி போட்ட வாளிகள்

டர்பனுக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்ப்பார்கள், கோயில்களுக்குப் போவார்கள், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சவ்' சாப்பிடுவார்கள். வார்விக் சந்திப்புச் சந்தைக்குப் போகிறவர்கள் குறைவு. மூலிகை வேர், மாட்டுத்தலைக் கறி, மிளகாய்த்தூள், பாசிமணி என்று தென்னாப்பிரிக்காவே அங்கே கடை விரித்திருக்கும். நான் போன சனிக்கிழமை, ஒரு கடை வாசலில் வெள்ளை பிளாஸ்டிக் வாளிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். 20 லிட்டர், 25 லிட்டர், எல்லாம் மூடியோடு.

"இவ்வளவு வாளி எதுக்கு அக்கா?" என்றேன். கூட வந்தவர் டர்பனிலேயே பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் நான்காம் தலைமுறை.

"பீர் காய்ச்ச" என்றார் சாதாரணமாக. "வாங்க, காட்டறேன்."

கூட்டிப் போனது குவாமாஷு. நகரத்துக்கு வடக்கே இருக்கும் கறுப்பின மக்களின் குடியிருப்பு. மார்ஷல் காம்ப்பெல் என்ற சர்க்கரை முதலாளியின் பெயரைத்தான் ஸூலு நாக்கு 'மாஷு' ஆக்கியிருக்கிறது. அங்கே 75 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. ஸூலுவில் பாட்டியை 'கோகோ' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன், சிரித்துவிட்டார்.

பீர் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் பொன்னிற பாட்டில் சமாசாரம் இல்லை இது. சோளத்தில் செய்வது. இளம் பழுப்பு நிறம், கூழ் போலக் கெட்டி, புளிப்பு. 'உம்கொம்போத்தி' என்பது பரவலான பெயர்; நடுவில் நாக்கைச் சொடுக்க வேண்டும், எனக்கு வரவில்லை. ஸூலு மக்கள் 'உட்ஷ்வாலா' என்கிறார்கள். போதை சுமார் 3 சதவீதம்தான்.

சோளத்தை முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவும் மக்காச்சோள மாவும் சம அளவு. வெந்நீர் ஊற்றிக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விடுகிறார்கள். நம் இட்லி மாவு மாதிரியேதான். மறுநாள் கொஞ்சத்தை எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு வாளியில் ஊற்றுகிறார்கள். எடுத்து வைத்த புளித்த மாவையும், இன்னும் கொஞ்சம் முளைமாவையும் சேர்த்துக் கலக்கி, மேலே கம்பளியைப் போர்த்துகிறார்கள்.

மூடி இருக்கிறதே என்று அழுத்தி மூடக் கூடாது. உள்ளே கரியமில வாயு கிளம்பும். வழி இல்லையென்றால் மூடி பறக்கும். பார்லி பீரை வீட்டில் செய்யும் வெள்ளைக்காரர்களும் இதே மாதிரி வாளியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மூடியில் ஓட்டை போட்டு, வாயு வெளியேற ஒரு குழாய் செருகுவார்கள். கோகோவுக்கு அதெல்லாம் வேண்டாம். தீக்குச்சி போதும். பொங்கும் வாளியின் வாய்க்குப் பக்கத்தில் கொளுத்திப் பிடிக்கிறார். பொசுக்கென்று அணைந்தால் பதம்.

வாளி விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. பெயின்ட் வந்த வாளி, ரசாயனம் வந்த வாளி எவ்வளவு கழுவினாலும் ஆகாது. கம்பி நாரால் தேய்க்கவும் கூடாது. கீறல் விழுந்தால் வேண்டாத கிருமி அதில் குடியேறும், அடுத்த முறை பீர் கெட்டுப்போகும். (செய்முறை கேட்டு எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம்.)

"என் அம்மாவிடம் வாளி இல்லை, இரும்பு டிரம்தான். அதையும் மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தாள்" என்றார் கோகோ. அக்கா மொழிபெயர்த்தார்.

ஏன் புதைக்க வேண்டும்? 1908-ல் நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. சோள பீரைக் காய்ச்சவும் விற்கவும் நகராட்சிக்கு மட்டுமே உரிமை என்று டர்பன் அதைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சினால் குற்றம். கறுப்பினத் தொழிலாளர்கள் நகராட்சியின் பீர் கூடங்களில்தான் குடிக்க வேண்டும். அந்த லாபத்தில் அவர்களுக்கான கொட்டடிகளும், அவர்களைக் கண்காணிக்கும் போலீசும் நடந்தன. தன்னை அடக்கிவைக்கும் செலவைத் தானே குடித்துக் கட்டும் ஏற்பாடு! மற்ற நகரங்களும் இதைக் காப்பியடித்தன; 'டர்பன் முறை' என்றே பெயர்.

கோகோ பிறந்தது கேட்டோ மேனரில். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் காய்கறித் தோட்டம் போட்ட மேட்டு நிலம் அது. அவர்களிடம் வாடகைக்கு இடம் பிடித்துக் கறுப்பினத்தவர் குடிசை போட்டார்கள். ஆண்களுக்குத் துறைமுகத்தில் வேலை. பெண்களுக்கு வருமானம் என்றால் பீர்தான். போலீஸ் வந்து இரும்புக் கம்பியால் தரையைக் குத்திப் பார்க்கும், டிரம் கிடைத்தால் கவிழ்க்கும். 1959 ஜூனில் பெண்கள் பொறுத்தது போதுமென்று தடிகளோடு நகராட்சி பீர் கூடங்களுக்குள் புகுந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டினார்கள், பீரைக் கொட்டினார்கள். அடுத்த ஜனவரியில் சாராய வேட்டைக்குப் போன இடத்தில் 9 போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வருடங்களிலேயே குடிசைகளை இடித்து, மக்களை குவாமாஷுவுக்கும் உம்லாஸிக்கும் அனுப்பிவிட்டார்கள். கோகோவின் குடும்பம் லாரியில் வந்ததாம். டிரம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இப்போது அட்டைப்பெட்டியில் சோள பீர் கடையிலேயே கிடைக்கிறது. அதைத் தயாரித்த கம்பெனி ஒன்று சில காலம் நம் விஜய் மல்லையா கையில் இருந்தது! ஆனால் கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாட்டுக்கும் அது செல்லாது. வீட்டுப் பெண்ணின் கை பட்டுக் காய்ச்சியதுதான் வேண்டும்.

புளிப்பதெல்லாம் பிளாஸ்டிக்கில் என்றாலும் பரிமாறுவது மண்பானையில்தான். 'உகாம்பா' என்ற கறுப்புப் பானை. அதன் மேல் 'இம்பெங்கே' என்ற முடைந்த மூடி. முன்பு புல்லில் முடைந்தார்கள். கோகோ வீட்டில் இருந்தது, சிவப்பும் பச்சையுமாக டெலிபோன் ஒயரில் பின்னியது. கோகோ முதல் வாய் குடித்துக் காட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். நாள்பட்ட கம்பங்கூழின் புளிப்பு, பின்னால் லேசான சுறுசுறுப்பு.

அடுத்த சனிக்கிழமை பேத்திக்குப் பரிசம் போட வருகிறார்களாம். எட்டு வாளி வேண்டும், வீட்டில் ஐந்துதான் இருக்கிறது. மூன்றை அக்காவிடம் சந்தையில் வாங்கி வரச் சொன்னார், வெள்ளையாக, மூடி தளர்வாக இருப்பதாகப் பார்த்து.