ஃபைனலி

மார்ச் 3, செவ்வாய்
மறுபடியும் கணக்கு இடிக்கிறது. லாக்கில் ஒரு பிழைகூட இல்லை. எல்லாம் சக்ஸஸ். இடது தோள்பட்டையில் வலி.

மார்ச் 4
வரிக்கு வரி பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். ஓரிடம்வரை வருகிறது, அப்புறம் இல்லை. நடுவில் ஒரு ஃபங்ஷன் கால், அவ்வளவுதான். உள்ளே ஏதோ எக்ஸெப்ஷன் கிளம்பி மேலே எங்கோ போகிறது. இஃப் போட்டால் எங்கே திரும்புகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இது எந்த வரியிலிருந்தும் தாவும். டைக்ஸ்ட்ரா 1968இல் கோட்டூவைத் திட்டினார். கோட்டூவாவது போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போகும்.

மார்ச் 5
கிடைத்தது! வெற்று எக்ஸெப்ட். உள்ளே பாஸ். கண்ட்ரோல்-சி அடித்தால் அதையும் விழுங்குகிறது. டெர்மினலையே மூடினேன். எழுதினவர் வேலையை விட்டுப் போயாச்சு. அம்மா போன். சாப்பிட்டியா என்றாள். ஆச்சும்மா என்றேன். ஆகவில்லை.

மார்ச் 6
எக்ஸெப்டை எடுத்தாச்சு. லாக் இன்னும் சுத்தம். கணக்கு இன்னும் இடிக்கிறது. இந்தத் தொழிலே வேண்டாம்.

மார்ச் 8, ஞாயிறு
தூக்கம் வரவில்லை. ஏரியான் 5 ராக்கெட் பற்றிப் படித்தேன். 1996 ஜூன் 4, கூரூ ஏவுதளம். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் பார்த்திருக்கிறது, கொள்ளவில்லை. எக்ஸெப்ஷன். அந்த இடத்தில் பிடிக்க ஏதுமில்லை. கணினி தானே நின்றுவிட்டது. மாற்றுக் கணினியிலும் அதே கோட், அதே கதி. சுமார் 40 விநாடியில் ராக்கெட் போச்சு. அங்கேயாவது வெடித்தது, காரணம் தெரிந்தது. பொறாமையா எனக்கு? சே.

மார்ச் 9
பைதான் 3.14இல் சும்மா ஓட்டினேன். எச்சரிக்கை வந்தது: ஃபைனலிக்குள் ரிட்டர்ன். அட! எக்ஸெப்ஷன் மேலே போகிற வழியில் ஃபைனலி ஓடும். அங்கே ரிட்டர்ன் இருந்தால் எக்ஸெப்ஷன் அதோடு காலி. ஃபங்ஷன் ஒழுங்காக முடிந்த மாதிரியே திரும்பும். ஜாவாவிலும் இதே கூத்து. காது சூடாகிறது. சந்தோஷமா கோபமா தெரியவில்லை.

மார்ச் 10
ரிட்டர்னை வெளியே தள்ளினேன். திரை நிறைய டிரேஸ்பேக். வேல்யூ எரர். டேட்டாவில் ஒரு வரியில் தொகை இருக்க வேண்டிய இடம் காலி. அந்த வரிக்கு அப்புறம் வந்த எதுவும் இத்தனை நாளாய்க் கூட்டலில் சேரவே இல்லை. மேனேஜர் எட்டிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?"
பசி. கேன்டீன் மூடுவதற்குள் போகணும்.