கட்டை கனமா இருக்கணும்

கீபோர்டு வாங்கப் போறீங்களா? அட்டைப்பெட்டியில 600 குரல், 200 தாளம்னு போட்டிருப்பாங்க. அதை மறந்துடுங்க. பியானோ கத்துக்கறதுதான் நோக்கம்னா முதல்ல பார்க்க வேண்டியது கட்டையோட கனம்.

நிஜப் பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். 1700 வாக்கில் இத்தாலிக்காரர் கிறிஸ்டோஃபோரி செய்த ஏற்பாடு. அந்தச் சுத்தியலை நம்ம விரல்தான் கிளப்பணும். கட்டை இறங்க சுமார் 50 கிராம் எடை வேணும். சாதா கீபோர்டில் சுத்தியலே கிடையாது, சும்மா தொட்டாலே இறங்கிடும்.

எங்க பொண்ணு, அத்தை வீட்டிலேர்ந்து வந்த 61 கட்டை கீபோர்டில் ரெண்டு வருஷம் பழகினா. டீச்சர் வீட்டுப் பியானோவில் உக்காந்தா, மெதுவா வாசிக்கிற இடத்துல பாதி சுரம் கேட்கவே இல்லை. அழுத்தினா இடி மாதிரி விழுது. "எனக்கு பியானோ வேணாம்ப்பா"ன்னுட்டா. அப்புறம்தான் கடை கடையா ஏறினேன்.

"டச் சென்சிடிவ் சார்" என்பார்கள். வேகமா தட்டினா சத்தம் கூடும், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். கனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீங்க கேட்க வேண்டியது 88 கட்டை, ஹேமர் ஆக்‌ஷன். 'கிரேடட்' என்றால் இன்னும் நல்லது. நிஜப் பியானோ மாதிரியே இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் லேசாகவும் இருக்கும்.

கடையில் மூணு சோதனை. ஒண்ணு, எவ்வளவு மெதுவா வாசிச்சாலும் சுரம் கேட்குதா? ரெண்டு, ஒரே கட்டையை விடாமல் தட்டினால் சட்டுனு மேலே வருதா? மூணு, வெள்ளைக் கட்டையை உள்பக்கம், கறுப்புக்கு நடுவில் அழுத்திப் பாருங்க. சிலதில் அங்கே கல்லு மாதிரி இருக்கும்.

யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10 ரெண்டையும் வாசிச்சுப் பார்த்து, பொண்ணு ரோலண்டைக் கை காட்டினா. முதல் வாரம் விரல் வலின்னு ஒரே புலம்பல். இப்போ நாலு மாசமாச்சு. டீச்சர் வீட்டிலும் மெதுவான இடம் மெதுவாவே கேட்குது. வேணாம்ங்கிற பேச்சே இல்லை.

கச்சேரிக்குத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு இது சரிப்படாது. 12 கிலோ, முதுகு போயிடும் :-) மத்தவங்க கடைக்குப் போகும்போது வாசிக்கப் போற பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.