அந்தாண்ட

அப்பாவுக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் வேலை. இன்ஜினியரிங் முடித்த திமிரில் அவரிடம் வேர்ல்பூல் கேலக்ஸி படத்தைக் காட்டி, "எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தாலே தெரியுதுல்லப்பா" என்றேன். யார்டில் கிடந்த தகட்டுக் காயிலைக் கைகாட்டினார். "அந்தாண்ட போய்ப் பாருடா."

போனேன். வலஞ்சுழி இடஞ்சுழியாகியிருந்தது.

பிறகுதான் படித்தேன். சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்றிவரவே சுமார் 23 கோடி ஆண்டுகள் ஆகும். எந்தப் படத்திலும் அந்த ஓட்டம் தெரியாது. 1916-இல் வான் மானென், பழைய, புதிய புகைப்படங்களை ஒப்பிட்டு எம்101 சுழல்வதை அளந்ததாகச் சொன்னார். 1935-இல் ஹபிள் அதை மறுத்தார். சுழற்சியைக் காட்டிக்கொடுப்பது நிறமாலை: நம்மை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி நீலத்தை நோக்கியும், விலகும் பக்கத்தின் ஒளி சிவப்பை நோக்கியும் நகரும்.

அப்பா இப்போது இல்லை. அன்று "நீ சொன்னது சரிதாம்பா" என்றுகூட நான் சொல்லவில்லை.