ஒளுவோடு ஓர் உலா

ஓய்வு என்பது வேலையின்றி இருப்பதன்று, கவலையின்றி இருப்பது. இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவர் சென்னையில் வாழும் என் பெரியம்மா. அறுபது வயதைக் கடந்த அவர் எத்தனையோ திருமண வீடுகளுக்குப் போயிருக்கிறார். துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறார். நாகூர், ஏர்வாடி தர்காக்களுக்கும் போயிருக்கிறார். ஆனால், சும்மா ஓர் ஊரைப் பார்க்க, ஒரு மரத்தடியில் காற்று வாங்க அவர் போனதே இல்லை. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "வெளியே போனா தொழுகை களாவாயிரும்ப்பா. ஒளு எடுக்கத் தண்ணி எங்கே இருக்கும்? பொம்பளைங்க தொழ எடம் எங்கே இருக்கும்? எனக்கெதுக்கு ஊர் சுத்துற வேலை!"

முஸ்லிம் அல்லாத நண்பர்களுக்காக ஒரு சொல் விளக்கம். தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால்களைத் தூய்மை செய்துகொள்வது ஒளு. உரிய வேளை தவறிப்போன தொழுகை களா. பகலவன் உதிக்கும் முன் சுபுஹு, உச்சி சாய்ந்ததும் லுஹர், பிற்பகலில் அஸர், கதிர் மறைந்ததும் மஃரிப், இரவில் இஷா என ஐந்து வேளைகள்.

சென்ற தை மாதத்தில் பெரியம்மாவும் பெரியத்தாவும் ஒரு சனி, ஞாயிறு தங்குவதற்காக மதுரை கே.கே. நகரிலுள்ள எங்கள் வீட்டிற்கு வருவதாகத் தகவல் வந்தது. ஒரு வேளைத் தொழுகையும் தவறாமல், ஓட்டமும் பெருமூச்சுமாக அலையாமல், ஊரையும் மலையையும் அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று உறுதி பூண்டேன். பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எழுதவில்லை. ஐந்து வேளைகளையே எழுதினேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே வியப்பு! மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்துப் பாகை தொலைவில்தான் உள்ளது. ஆதலால் இங்கே பகலின் அளவு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. உச்சி சாய்வது எந்த மாதமாயினும் ஏறத்தாழப் பகல் 12 மணிக்கும் 12.30-க்கும் இடையில்தான். மஃரிப் மாலை 6 மணியை ஒட்டித் தொடங்கி, மிகவும் தாமதித்தால் 6.45-ஐ எட்டும். இலண்டன் மாநகரிலோ டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே வரும் மஃரிப், ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வருகிறது. அங்கே வாழ்பவர்கள் மாதத்திற்கொரு திட்டம் போட வேண்டும். நமக்கு ஒரே திட்டம் பன்னிரண்டு மாதத்திற்கும் ஏறத்தாழப் பொருந்தும்.

இன்னொன்றையும் கண்டேன். சுபுஹு தொழுதுவிட்டால் லுஹர் வரையில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் கடமையான தொழுகை ஏதும் இல்லை. மதுரைச் சமவெளியில் வெளியே நடமாட ஏற்ற குளிர்ந்த பொழுதும் அதுவே. லுஹர் நேரத்தில் வெயில் தலையைப் பிளக்கிறது. அப்போது வீடு திரும்பித் தொழுது, உண்டு, சற்றுக் கண்ணயர்வதே அறிவுடைமை. அஸர் வேளை ஷாபிஈ வழக்கில் மூன்றரை மணியளவிலும், ஹனபி வழக்கில் நாலரை மணியளவிலும் தொடங்குகிறது. அதைத் தொழுது முடித்தால் வெயில் தாழ்ந்து மறுபடியும் கிளம்பலாம். நம் மண்ணின் வெயில் சொல்லும் கால அட்டவணையும் தொழுகையின் கால அட்டவணையும் ஒன்றாகவே இருக்கக் கண்டேன். பயணிகளுக்குச் சலுகையும் உண்டு. சென்னையிலிருந்து வரும் பெரியம்மா, நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். உள்ளூர்க்காரனாகிய எனக்கு அது கிடையாது!

சனிக்கிழமைக் காலை வண்டியூர்க் கண்மாய். எங்கள் கே.கே. நகரை ஒட்டியே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு அது. நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துவதையும், முக்குளிப்பான் மூழ்கி வேறோர் இடத்தில் தலைகாட்டுவதையும் பார்த்தபடி கரையில் நடந்தோம். பின்னர் தமுக்கத்தில் இராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-இல் தொடங்கப்பட்ட காந்தி அருங்காட்சியகம். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வீடு.

மாலையில் நகரத்துக்குள் சென்றோம். வழியில் கோரிப்பாளையம் தர்கா. 'கோர்' என்ற பாரசீகச் சொல்லுக்குக் கல்லறை என்று பொருள். ஊர்ப் பெயரின் மூலம் அதுதான். அடுத்து, பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே காஜிமார் பெரிய பள்ளிவாசல். பாண்டியர் காலத்தில் தாஜுத்தீன் என்னும் காஜி எழுப்பியது என்பது வழிவழிச் செய்தி. பெரியத்தா அங்கே மஃரிப் தொழுதார். பெரியம்மாவுக்கு அத்தெருவிலுள்ள உறவினர் வீட்டில் முசல்லா விரித்துத் தந்தார்கள். உறவினர் இல்லாத ஒரு பெண்மணி இவ்வேளையில் எங்கே போவார் என்ற கேள்வி அப்போதே என் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்தக் குளிர்ச்சியைப் பெரியம்மா ஒரு சொட்டு விடாமல் குடித்தார். உணவைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. ஹலால் என்றவுடன் பிரியாணியை மட்டுமே பலர் நினைக்கிறார்கள். நம்மூர் இட்லியும், பனை நுங்கும், இளநீரும் ஹலால்தானே! இறைச்சி ஒன்றுக்குத்தான் இடம் தெரிந்து வாங்க வேண்டும். மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை.

இங்கே ஒரு பழைய விருந்தாளியை நினைவுகூர வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய இப்னு பதூதா, சுல்தான்கள் ஆண்ட மதுரைக்கும் வந்தார். பாவம், அவருக்கு வாய்த்தது ஓய்வன்று! ஊரெங்கும் கொள்ளைநோய், அவரையும் காய்ச்சல் பற்றிக்கொண்டது. புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குணமடைந்ததாகத் தம் பயண நூலில் அவர் எழுதியிருக்கிறார். அரபியர் புளிக்கு இட்ட பெயர் 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. அதுவே ஆங்கிலத்தில் 'டாமரிண்ட்' ஆயிற்று. அன்றிரவு எங்கள் வீட்டு ரசத்தைப் பருகும்போது இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றார் பெரியத்தா.

ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுத கையோடு மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டிக்குப் புறப்பட்டோம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. மீனாட்சிபுரம் பகுதியும் சேர்ந்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஏழு குன்றுகள், ஏராளமான நீர்நிலைகள், இராசாளி இனப் பறவைகள். குகைத் தளத்தில் சமணரின் சுவடு கூறும் தமிழிக் கல்வெட்டு. மறுபுறம் சிவபெருமானுக்குக் குடைந்த குடைவரை. 2024-ஆம் ஆண்டு டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இப்பகுதி ஏலம் விடப்பட்டபோது சுற்று வட்டார மக்கள் திரண்டு எழுந்தனர். 2025 ஜனவரியில் அந்த ஏலம் நீக்கப்பட்டது. இல்லையேல் நாங்கள் சென்று பார்க்க என்ன மிஞ்சியிருக்குமோ!

கையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி வைத்திருந்தேன். நபிகள் நாயகம் ஒரு 'முத்து' அளவு நீரிலேயே ஒளு எடுத்தார்கள் என்று நபிமொழி கூறுகிறது. அது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள்தான் அடங்கும். வறண்ட சமவெளியில் வாழும் நமக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன? மதுரையிலிருந்து கிப்லாவின் திசை, மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே சாய்ந்தது. தை மாதக் கதிரவன் கிழக்கிலிருந்து தெற்கே சாய்ந்து எழுவதால், காலை வெயிலுக்கு நேரே முதுகைக் காட்டி நின்றால் முகம் ஏறக்குறைய கிப்லாவை நோக்கிவிடும். திசைகாட்டியே வேண்டாம்!

இதைச் சொன்னதும் பெரியம்மா புட்டியைக் கேட்டு வாங்கினார். ஒரு பாறையோரத்தில் அமர்ந்து ஒளு எடுத்தார். வேப்ப மரத்தடியில் முசல்லாவை விரித்து, கடமையல்லாத, முற்பகலில் விரும்பியவர் தொழும் ளுஹாத் தொழுகையைத் தொழுதார். எந்தத் தொழுகை தவறிவிடும் என்று வாழ்நாளெல்லாம் வீட்டிலேயே இருந்தாரோ, அதில் ஒன்றை அவர் அன்று கூடுதலாகவே தொழுதார்! முடித்த பின்னும் எழவில்லை. பறவையொலியைக் கேட்டபடி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நாங்களும் அவசரப்படுத்தவில்லை. பகல் லுஹருக்கு முன்பே கே.கே. நகர் திரும்பிவிட்டோம்.

மலேசியா நாட்டில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 'சுராவ்' எனப்படும் தொழுகை அறை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உண்டு. விடுதி அறைகளின் கூரையில் கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி வரைந்திருப்பார்கள். நம் ஊருக்கு அவ்வளவு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. சுற்றுலா இடந்தோறும் ஒரு தண்ணீர்க் குழாய், கதவுள்ள ஒரு சிறு அறை, தூய்மையான கழிப்பிடம். இவை மூன்றும் இருந்தால் போதும். கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கும், கால் வலிக்கும் முதியவருக்கும், சந்தியாவந்தனம் செய்யும் அன்பருக்கும் அவை உதவும். பள்ளிவாசல்களும் பெண்களுக்கென ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால், பெரியம்மாவைப் போன்ற எத்தனையோ பெண்மணிகள் வெளிச்சத்துக்கு வருவார்கள்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் அவரைப் போன்ற ஒருவர் இருக்கக்கூடும். அவர் 'வரவில்லை' என்று சொன்னால், விருப்பமில்லை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். எது அவரைத் தடுக்கிறது என்று கேளுங்கள். ஒரு புட்டித் தண்ணீரும் ஒரு விரிப்பும் முன்கூட்டிப் போட்ட ஒரு திட்டமும் அந்தத் தடையைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.