சார்ஜ் ஏறும், நிற்காது

சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிகளின் உதிரிபாகங்கள் குவிந்து கிடக்கும் தெரு ஒன்றில் இருக்கிறது அந்தப் பேட்டரி கடை. படியேறுவதற்குள் ஆசிட் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. கடைக்கார அண்ணனின் சட்டையெங்கும் ஆசிட் தெறித்துப் பொத்தலான பொட்டுகள்.

கால் டாக்ஸி ஓட்டும் இளைஞர் ஒருவர் புது பேட்டரி கேட்டு வந்தார். அண்ணன் விற்க அவசரப்படவில்லை. "ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடி தம்பி" என்றார். மோட்டார் இழுத்து இழுத்து முனகியது, விளக்கு மங்கியது. விளக்கு பளிச்சென்று எரிந்து, 'டக்' என்று மட்டும் கேட்டிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகித்திருப்பாராம். "இப்படி எத்தனை நாளா இழுக்குது?" "பத்து நாளா, காலைல மட்டும்ணே."

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி இறுக்கினார். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். இந்த இளைஞருக்கு முடியவில்லை. கடையில் இருந்த வேறொரு பேட்டரியை மாட்டி, இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தார்: 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் சரி. இதைப் பார்க்காமல் பேட்டரி விற்பது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. ஆல்டர்னேட்டர் பழுதென்றால் புதியதும் சில நாளில் படுத்துவிடும்.

பழைய பேட்டரியை இரவு முழுக்க சார்ஜில் போட்டார். தெம்பில்லாத பேட்டரி வேறு, செத்த பேட்டரி வேறு. அதைப் பிரித்தறியும் பொறுமைதான் இவருடைய தொழில் என்று தோன்றியது. மறுநாள் ஆறு மூடிகளையும் திறந்து, ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். ஐந்து செல்களில் மிதவை 1.250-ஐ ஒட்டி நின்றது. ஆறாவதில் 1.120. மீட்டரும் 10.5 வோல்ட்தான் காட்டியது. நல்ல பேட்டரி, சார்ஜ் ஏறி ஆறிய பின் 12.6 காட்ட வேண்டும். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் என்பதால் கணக்கு நேராக இருந்தது: ஒரு செல் செத்துவிட்டது. தகட்டிலிருந்து உதிர்ந்த ஈயப்பொருள் அடியில் சேர்ந்து, தகடுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் இப்படி ஆகும். வெயில் இந்த அழிவை விரைவுபடுத்தும். குளிரில் வண்டி கிளம்பாமல் போகலாம், ஆனால் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது கோடைதான்.

மூடியில்லாத பேட்டரிகளில் பச்சைக் கண் ஒன்று இருக்குமே, அதை நம்பலாமா என்று கேட்டேன். "அது ஒரு செல்லைத்தான் பார்க்கும் சார். மத்த அஞ்சும் போயிருந்தாலும் பச்சைதான்."

பழசின் ஈயத்துக்கு விலை உண்டு. அதைக் கழித்துக்கொண்டு புதியதை மாட்டினார். முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். இளைஞர் கிளம்பிப் போனார்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கண்ணாடியோ கையுறையோ இல்லாமல்தான் குனிந்து வேலை செய்கிறார். கண்ணாடியாவது போடுங்கள் அண்ணே என்று வற்புறுத்தினேன். தன்னிடம் தொழில் பழகும் தம்பிக்கு முதலில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்.