ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ரெண்டு குடம் தண்ணீர்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் தூத்துக்குடி. 2025 செப்டம்பரில் எங்க வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு சின்ன பசுமை ஹைட்ரஜன் ஆலையைத் தொடங்கினார்கள். சோதனை முயற்சிதான். அதைப் பற்றி வீட்டில் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். சூரிய மின்சாரம், காற்றாலை மின்சாரம் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன், புகையே கிடையாது என்று.

அடுப்படியில் இருந்து அம்மா கேட்டாங்க: "தண்ணியில இருந்தா எடுக்காங்க? நமக்கே குடத்தைத் தூக்கிட்டு அலைய வேண்டியிருக்கு. இருக்குறதையும் உடைச்சுட்டா நாம எங்கல போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் பி.காம் படிக்கிறவனுக்கு காஸ்ட் ஷீட் போடத் தெரியுமே!

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தூய நீர் வேண்டும். சுத்திகரிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்த்து 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு குடம். மின்சாரம்? 50 யூனிட்டுக்கு மேல். யூனிட் 4 ரூபாய் என்று வைத்தாலும் 200 ரூபாய் கரண்டுக்கே போய்விடும். அதற்கு மேல் இயந்திரத்தின் தேய்மானம். வெயில் இருக்கும்போது மட்டும் ஓடினால் அதே தேய்மானம் குறைந்த கிலோக்களின் தலையில் விழும். வெயிலும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற எங்க பக்கத்து ஊர்களுக்கு அதனால்தான் மவுசு.

இனி அம்மாவின் கேள்வி. கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் ஆகும். அப்படியானால் அந்த 30 லிட்டருக்கு 0.12 யூனிட். 50 யூனிட் செலவில் இது தூசு! ஆற்று நீரைத் தொடவே அவசியமில்லை.

ஆனால் மொத்தமாகப் பார்த்தால் தூசு இல்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது வைத்த இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள், தூய நீர் மட்டும் 4.5 கோடி டன்.

இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரத்துக்கான அம்மோனியாவுக்கும் எண்ணெய் சுத்திகரிப்புக்கும் இன்றும் ஹைட்ரஜன் தேவைப்படுகிறது. அதை இயற்கை எரிவாயுவில் இருந்து எடுத்தால் கிலோவுக்கு 9 கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும். மாறித்தான் ஆகவேண்டும்.

கணக்குப் போட்ட நோட்டை எடுத்துப் போய் அம்மாவிடம் காட்டினேன். கடல் தண்ணியே போதும்மா, செலவு ரொம்பக் கம்மி என்றேன்.

"சரில. கடல் தண்ணியத்தான் எடுப்போம்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

மூன்று வருஷ பி.காமில் எந்த வைவாவிலும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. ஆற்று நீர் மலிவாகக் கிடைத்தால் கம்பெனிகள் அதைத்தான் எடுக்கும், அதுவும் காஸ்டிங்தான். ஆகவே பெரிய ஆலைகளுக்கு அனுமதி தரும்போதே கடல்நீர்தான் என்று நிபந்தனை போடவேண்டும். மிஞ்சும் உப்புக்கரைசலை மீனவர்களின் கடலில் எங்கே, எப்படி விடுவது என்பதையும் அதிலேயே எழுதவேண்டும். 0.12 யூனிட்டை மிச்சம் பிடிக்க ஒரு ஊரின் குடங்களைக் காலியாக்குவது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

இப்போதைக்கு இவ்வளவுதான். குடிதண்ணீர் வந்திருக்கிறதாம், அம்மா கூப்பிடுறாங்க!