நாலு பைட்டில் ஓர் எண்

ஹூஸ்டன் நகரின் மேற்கே, எண்ணெய் நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் பகுதியில் அந்தச் சிறு அலுவலகம் இருக்கிறது. பழைய காந்த நாடாக்களில் கிடக்கும் நில அதிர்வுப் பதிவுகளை இன்றைய கணினிகளுக்குப் படித்துத் தருவது அங்குள்ளவர்களின் தொழில். நிரல் முழுக்க ஹாஸ்கல். கணிதச் சுத்தத்துக்குப் பேர்போன அந்த மொழியில் பைட்டோடு மல்லுக்கட்டும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

திரையில் ஒரு செக்-ஒய் கோப்பு. 1975இல் வெளியான வடிவம் அது. முதல் 3,200 பைட் எழுத்துக் குறிப்பு, அடுத்த 400 பைட் இருமத் தலைப்பு, பிறகு ஒவ்வொரு தடத்துக்கும் 240 பைட் தலைப்பும் அதன் எண்களும். நிரல் எழுதும் பெண் 41 10 00 00 என்ற நாலு பைட்டைக் காட்டினார். பழைய ஐபிஎம் முறையில் படித்தால் அது 1. 1985இல் வந்த ஐஇஇஇ 754 முறையில் படித்தால் 9. இரண்டுமே செல்லுபடியாகும் ஃப்ளோட்தான், கம்பைலர் முணுமுணுக்காது. எந்த முறையில் எழுதினார்கள் என்பது பைட்டுக்குள் இல்லை. மொழியின் வகைச் சோதனை எவ்வளவு கறாராக இருந்தாலும் அதைச் சொல்ல முடியாது.

புதிதாக வருபவர்கள் ‘பைனரி’ நூலகத்தின் பொதுவான ‘கெட்’டை நம்பி இடறுவார்கள் என்றார். அது ஃப்ளோட்டை எண்பகுதி, அடுக்கு என்று பிரித்துத் தன் பாணியில் எழுதிப் படிப்பது. நாலு பைட் எண்ணுக்கு 13 பைட் எடுத்துக்கொள்ளும். வெளியார் எழுதிய கோப்புக்கு அது உதவாது. ஐஇஇஇ எண்ணைப் பைட் வரிசையோடு படிக்க அதே நூலகத்தில் தனிச் செயற்கூறுகள் உண்டு. ஐபிஎம் எண்ணுக்கு இவரே எழுதியிருக்கிறார்: 32 பிட் முழு எண்ணாக எடுத்து, குறி, 16இன் அடுக்கு, பின்னம் என்று பிரிக்கும் சில வரிகள். தடத்தைப் படிக்கும் செயற்கூறுக்கு, எண்ணைப் படிக்கும் செயற்கூறையே உள்ளீடாகக் கொடுக்கிறார். கோப்பு மாறினால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். செயற்பாட்டு மொழியின் அருமை எனக்கு அந்த இடத்தில் கண்கூடாகத் தெரிந்தது.

எண்களை அவர் பட்டியலில் வைப்பதில்லை. 64 பிட் கணினியில் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஃப்ளோட்டும் 40 பைட் வரை தின்னும். ஒரு கோடி எண் உள்ள 40 மெகாபைட் தரவு 400 மெகாபைட்டாக ஊதிவிடும். அதனால் நாலு பைட்டுகளை அடுத்தடுத்து அடுக்கும் வெக்டர்தான்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது பக்கத்து மேசையில் இருந்த மூத்த புவியியற்பியலாளரிடம். தலைப்பில் 3225, 3226ஆம் பைட்டுகள் எண்முறையைச் சொல்லும்: 1 என்றால் ஐபிஎம், 5 என்றால் ஐஇஇஇ. ஆனால் 1 என்று போட்டுவிட்டு ஐஇஇஇ எண்களை எழுதிய கோப்புகளும் வந்து சேர்கின்றன. படம் வரைந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். தெரியாதாம். இரண்டு முறையிலும் குறி முதல் பிட்டில். அடுத்து அடுக்கு, பிறகு பின்னம். தவறாகப் படித்தாலும் பெரிய எண் பெரும்பாலும் பெரிதாகவே நிற்கும்; மேடு மேடாக, பள்ளம் பள்ளமாகத் தெரியும். பாறை அடுக்கு சரியான ஆழத்தில்தான் இருக்கும், வீச்சு மட்டும் பொய்யாகிவிடும். வீச்சை நம்பி அங்கே எரிவாயு உண்டா என்று கணிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கேடு!

அவர் பார்ப்பது ஒவ்வோர் எண்ணின் இரண்டாம் பைட்டை. முறைப்படி எழுதிய ஐபிஎம் எண் பூஜ்யம் அல்ல என்றால், அந்த பைட்டின் மேல்பாதி பூஜ்யமாக இருக்காது. ஐஇஇஇயில் சாதாரணமாக இருக்கும். 2 என்ற எண்ணே 40 00 00 00தான். அன்று வந்த கோப்பின் தலைப்பில் 1 இருந்தது. அந்தப் பெண் சோதனையை ஓட்டினார். இரண்டாம் பைட்டின் மேல்பாதி பூஜ்யமான எண்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. எண்ணைப் படிக்கும் செயற்கூறை மாற்றி மறுபடி ஓட்டினார்கள். மூலக் கோப்பைத் தொடவில்லை. புதிய பிரதியில் 5 என்று திருத்தி, காரணத்தை எழுத்துக் குறிப்பில் சேர்த்து, வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள்.